கடை அடைத்த செவ்வாய்க்கிழமை

வாரத்துக்கு ஒரு நாள் கடையை அடைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, புதுக்கோட்டை கீழராஜ வீதியில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். மற்றவர்களெல்லாம் வியாபாரிகள். நான் வியாபாரியின் மகன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காலையில் எழுந்திருக்கும் நேரத்தில் தெரியும்.

சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவில் ஒரு மூலையாக ஆன பிறகு, சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. கல்யாண வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் வந்து சேராமல், பஸ்ஸுக்கு நாலு பேராக வந்து கொண்டேயிருக்கும் உறவுக்காரர்களைப் போல. மதுவிலக்கு வந்தது. அப்பாவுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அவர் காப்பியே குடிக்காதவர். விற்பனை வரி வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் புலம்பினார், பிறகு புலம்பலையும் விலையில் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம்தான் இந்தக் கடை விடுமுறைச் சட்டம். எந்தக் கிழமை என்பதைக் கடைக்காரரே தீர்மானித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும். அந்தக் கிழமையில் கடை முழுசாக அடைத்திருக்க வேண்டும்.

"அடைக்கிறதா? யாரு செத்தா?" என்றார் அப்பா.

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எங்கள் வீதியில் பகல் நேரத்தில் கடையை அடைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்போது இரும்பு ஷட்டர் கிடையாது. மேலும் கீழும் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் ஒவ்வொரு பலகையாகச் செருகிக்கொண்டே போய், கடைசிப் பலகையில் இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவோம். பொழுதிருக்கும்போது அத்தனை பலகையும் செருகியிருந்தால், அந்த வழியாகப் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எப்ப ஆச்சு?" என்று கேட்பான். தாத்தா போனபோது அப்படி அடைத்ததுதான். அதற்குப் பிறகு எங்கள் பலசரக்குக் கடைக்குப் பகலில் எல்லாப் பலகையும் விழுந்ததே இல்லை. அக்காவின் கல்யாணத்தன்றுகூட அப்பா விடியற்காலை முகூர்த்தமாகப் பார்த்து வைத்து, தாலி கட்டி முடிந்ததும் அட்சதைக் கையோடு வந்து கடையைத் திறந்தார்.

அக்காவைக் கந்தர்வக்கோட்டைக்கு இங்கிட்டு, முந்திரித் தோப்பும் கம்மாயுமாக இருக்கும் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. மச்சான் வீட்டார் விவசாயக் குடும்பம். மழையைத் தவிர யாருக்கும் காத்திருக்கத் தெரியாதவர்கள். அக்காவின் மூத்த மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடி வேண்டும், அதனால் நான் போனேன். என் மடிக்குத்தான் எங்கள் குடும்பத்தில் கொஞ்சம் மரியாதை. மற்றபடி என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. அப்பா சீரையெல்லாம் பெட்டியில் வைத்துக் கட்டி, என் தலையில் ஏற்றி, "நான் அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்" என்றார். அடுத்த பஸ் வந்தது. அதற்கடுத்த பஸ்ஸும் வந்தது. பிள்ளை அழுது முடித்துத் தூங்கிப்போன பிறகும் அப்பா வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. சந்தை நாள்.

மச்சானின் அம்மா பந்தியில் வைத்தே சொன்னார்: "சம்பந்திக்குப் பேரனவிடப் புளிமூட்டைதான் ஒசத்தி போலருக்கு."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்குச் சோறு போட்டாள். நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "தம்பி, அப்பாட்ட சொல்லு. எனக்காக ஒரே ஒரு நா அந்தக் கடைய அடைச்சுட்டு வரட்டும். அப்பறம் நான் அங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் அந்த வாசல மிதிக்க மாட்டேன்."

நான் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தார். "கடைய யாரு பாக்குறது?" என்றார். நான் இருக்கிறேன் என்றேன். அதைப் பதிலாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நியாயம்தான். நான் கடையைப் பார்த்த நாட்களில் கடையும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் நடக்கும்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தா மட்டும் அவ்வப்போது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவுக்குச் சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

இந்த நிலையில்தான் சட்டம் வந்தது. கிழமையைத் தேர்ந்தெடுக்க அப்பா எடுத்துக்கொண்ட சிரமத்தை அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட எடுத்ததில்லை. வெள்ளி சந்தை, அதைத் தொட முடியாது. சனிக்கிழமை, சந்தைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் வருவார்கள். ஞாயிறு உத்தியோகஸ்தர்கள் வீட்டுக்குச் சாமான் வாங்கும் நாள். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து செவ்வாயில் நின்றார். செவ்வாய்க்கிழமை யாரும் நல்ல காரியத்துக்குச் சாமான் கட்ட மாட்டார்கள். நஷ்டம் குறைவு.

முதல் செவ்வாய்க்கிழமை அப்பா எல்லாப் பலகையும் போட்டார், ஒன்றைத் தவிர. அந்த ஒரு பலகை இடைவெளிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் முகம் தெரியும்படி. வீதியில் போனவர்கள் புரிந்துகொண்டார்கள். சாவு இல்லை, சட்டம். எதிர்த்த ஜவுளிக் கடைக்காரர் மட்டும், "என்னண்ணே, சிறையில இருக்கிற மாதிரி இருக்கீங்க, பழம் கிழம் வாங்கியாரவா?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஷாப் இன்ஸ்பெக்டர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்குப் புதுசு, வெயிலுக்கும் புதுசு. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"கடை தொறந்திருக்கே?"

"அடைச்சாச்சுங்களே" என்றார் அப்பா.

"ஒரு பலகை எடுத்திருக்கே?"

"அது நான் உசுரோட இருக்கேங்கிறதுக்குங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது புத்தி சரியில்லையென்றால் பக்கத்தில் இருப்பவனைத்தான் பார்ப்பார்கள். நான் விளக்க முயற்சி பண்ணினேன்: "அதாவது சார், முழுசா அடைச்சா எங்கப்பா செத்துப்போயிருவாரு." விளக்கம் விஷயத்தை மேலும் மோசமாக்கிவிட்டது.

"ஒரு பலகைன்னாலும் தொறந்ததுதாங்க. அந்தச் சந்துல கைய நீட்டி யாவாரம் பண்ணலாமே" என்று சொல்லிக் கேஸ் எழுதிக்கொண்டார். போகும்போது, "இன்னொரு தடவ பாத்தேன்னா வேற மாதிரி ஆயிரும் பெரியவரே" என்று ஒரு வார்த்தை விட்டார். எல்லாக் கடையிலும் சொல்லும் வார்த்தையாகத்தான் இருக்கும். அப்பா அதை ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினார். கேஸ் இன்னும் கோர்ட்டுக்குக்கூடப் போகவில்லை. அதற்குள் ஜெயிலில் இருந்து வந்தவர் மாதிரி குனிந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாப் பலகையும் விழுந்தது.

எங்கள் வீடு கடைக்குப் பின்னால். வீட்டுக்கு முன்வாசல் என்று தனியாக இல்லை, கடையே முன்வாசல். பலகை போட்டுவிட்டால் பின்னால் இருக்கிற சந்து வழியாகத்தான் போக்குவரத்து, சாணி அள்ளுகிறவரும் பால்காரரும் வருகிற வழி. அப்பா வீட்டுக்குள் இருக்கத் தெரியாமல் இருந்தார். ஆத்தாவிடம் உப்பு ஏன் குறைகிறது என்று விசாரித்தார். பிறகு இருட்டுக் கடைக்குள் போய்ப் புளிமூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அன்று முழுக்கத் தூக்கம். விடுமுறையின் முழுப் பயனையும் அனுபவித்த ஒரே குடிமகன்.

கந்தர்வக்கோட்டை பஸ் எங்கள் வீதியைத் தாண்டித்தான் போகும். அந்தக் கண்டக்டர் எங்களுக்கு வேண்டியவர். ஆத்தா அக்காவுக்குக் கொடுத்துவிடும் பலகாரத்தில் பாதி அவர் மூலமாகத்தான் போகும், மீதிப் பாதியும் அவர் மூலமாகத்தான் போகும், வேறு இடத்துக்கு. அவர் அன்று காலை பஸ்ஸிலிருந்து எங்கள் கடையைப் பார்த்திருக்கிறார். எல்லாப் பலகையும் விழுந்து கிடக்கிறது. புதுக்கோட்டையில் புதுச் சட்டம் வந்திருப்பது அவருக்கும் தெரியும். ஆனால் கண் பார்த்ததும் நெஞ்சு சட்டத்தையா நினைக்கும்? அக்கா ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ்ஸை நிறுத்தி, அங்கே நின்றவர்களிடம், "கடைக்காரரு மககிட்டச் சொல்லிருங்கப்பா, கடை அடைச்சிருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். வீதியில் ஒரு பெண் குரல் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தது.

"யாரு வீட்டுலன்னு தெரியலையே" என்றாள் ஆத்தா.

அப்பா புளிமூட்டையிலிருந்து எழுந்தார். "யாருன்னு பாருடா. போய்த் தலையக் காட்டிட்டு வந்துறணும்."

நான் பலகைச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கடை வாசலில், தலை கலைந்து, புழுதியில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டிருந்தது அக்கா. பின்னால் மச்சான், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

"அப்பா, ஒங்களுக்குத்தான்" என்றேன்.

ஆத்தா பதறிப்போய்ப் பின்வாசலுக்கு ஓடப் பார்த்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு" என்றார். ஏன் இருக்கச் சொன்னார் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். மகள் குரலை அவர் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அது எதற்காக வந்த குரலாக இருந்தால் என்ன.

வெளியே அக்கா பாடினாள்:

"என்னப் பெத்த அப்பா... கடையே கதின்னு கெடந்தீகளே... அந்தக் கடைய இனி யாரு பாப்பா... காதுகுத்துக்கு வாங்கன்னு கண்ணு பூக்கக் காத்திருந்தேனே... எங்கூட்டுக்கு வர அடைக்காத கடைய... இப்பப் போற எடத்துக்கு மட்டும் அடைச்சுட்டுப் போனீகளே..."

ஒப்பாரியில் குறுக்கே பேச யாருக்கும் அனுமதி கிடையாது. ஜவுளிக் கடைக்காரர் பாவம், இரண்டு மூன்று தடவை கிட்டே வந்து, "ஏம்மா, இங்க பாரும்மா, ஒங்கப்பா..." என்று ஆரம்பித்தார். அவருக்கும் சேர்த்து அக்கா ஒரு அடி பாடினாள். அவர் பின்வாங்கினார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டும், தெரியாதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டும் நின்றார்கள்.

உள்ளே அப்பா பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அழுதாரா என்று கேட்காதீர்கள். இருட்டு. மிளகாய் மூட்டையும் பக்கத்தில்தான் இருந்தது.

"காதுகுத்துக்கு வரல, வரலங்கிறாளே" என்றார் மெதுவாக, என்னிடம் சொல்கிற மாதிரி. பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்தார். கடைசிப் பலகையின் பட்டையில் கை வைத்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கை வைத்தார். அப்போது பலகைச் சந்து வழியாக வெளியே பார்த்தார். கூட்டத்துக்கு நடுவே ஷாப் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

கை கீழே வந்துவிட்டது.

"நீ பின்னால போயி அவளக் கூட்டிட்டு வா" என்றார்.

நான் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அக்கா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? எனக்கு வராததெல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் வர வேண்டியிருக்கும்.

"அக்கா, அப்பா உள்ளதான் இருக்காரு."

"கடைசியா மொகத்தப் பாக்கணும்டா..."

"பாக்கலாம்க்கா. அவரும் ஒன்னயப் பாக்கணும்ங்கிறாரு."

அழுகை நின்றது. "என்னடா சொல்ற?"

"இன்னைக்கு லீவுக்கா. சட்டம். வாரத்துக்கு ஒரு நா அடைக்கணுமாம்."

கூட்டம் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை அப்போது விட்டுவிட்டது. வீதியே சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. செத்தவர் பிழைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் புழுதியில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது அப்படிக் கேட்காது. அக்கா எழுந்து முந்தானையை இழுத்துச் சரி பண்ணினாள். பலகை அருகே போய் நின்றாள்.

"அப்பா?"

"ஆத்தா..." என்றார் அப்பா உள்ளேயிருந்து. மகளைக் கொஞ்சும்போதும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். "பின்வாசல் வழியா வாம்மா. முன்னால தொறந்தா கேஸு."

"ஒரு பலகைய மட்டும் எடுங்கப்பா. மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேன்."

"ஒரு பலகைக்குத்தாம்மா போன வாரம் எழுதுனாங்க."

மச்சான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். "நடுத்தெருவுல ஒக்கார வச்சு ஒப்பாரி பாட விட்டுட்டு, உள்ள ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. இப்ப மகளும் மருமகனும் சாணி அள்ளுற சந்து வழியா வரணுமாம். நல்லா இருக்கு மாமா ஒங்க சட்டம்." அக்காவைப் பார்த்து, "நீ வாரியா, இல்ல பலகைக்கு மாலை போட்டுட்டு வாரியா?" என்றார்.

அக்கா கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதாவது சத்தம் வருமா என்று எதிர்பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பட்டை எடுக்கிற சத்தம். வரவில்லை. போய்விட்டாள். அப்பா சுற்றிக்கொண்டு சந்து வழியாக வெளியே வந்தபோது, வீதியில் நானும் எதிர்க்கடைக்காரரும்தான் நின்றிருந்தோம். பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். திரும்பி வரும்போது நடை மட்டும்தான் இருந்தது.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் எங்கள் கடைக்கு வெல்லம் வாங்க வந்தார். அப்பா உள்ளே இருந்தார். நான் நிறுத்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் தம்பி, வீட்டுக்கு வர்ற பொண்ணுக்குக் கதவத் தொறந்தா அது யாவாரமா? நானே வந்து பலகையைப் புடிச்சிருப்பேனே. அழுகைச் சத்தம் கேட்டுத்தான நானும் வந்து நின்னேன்."

இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட நல்ல விஷயங்களில் அது ஒன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வெல்லம் கட்டிய காகிதத்தை மடிக்கும்போது உள்ளே ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. கேட்டிருப்பார்.

அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் கடையை அடைத்தோம். ஊரும் பழகிக்கொண்டது. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு நாள் பலகை போட, யாரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. அப்பாவுக்கு மட்டும் பழகவில்லை. கடையை யாரு பாக்குறது என்று அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷரிடமிருந்து சர்க்கார் வாரத்துக்கு ஒரு நாள் அந்தக் கேள்வியைப் பறித்துக்கொண்டது. காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, போக ஓர் இடம் இருக்கிற ஆள் மாதிரி தயாராகி, இருட்டுக் கடைக்குள் போய் உட்காருவார்.

"கந்தர்வக்கோட்டை பஸ் இந்தா இந்த வீதியிலதான் போகுது" என்பாள் ஆத்தா.

"செவ்வாக்கெழமை பொண்ணு வீட்டுக்குப் போவாகளா?" என்பார் அப்பா. செவ்வாயைத் தேர்ந்தெடுத்தது அவர்தான் என்பதை நாங்கள் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் என்னிடம், "லீவு நாள மாத்தணும்னா மனுக் கொடுத்தா போதுமாமே?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா?"

"பொதங்கெழம யாவாரம் மந்தமா இருக்கு."

புதன்கிழமை வியாபாரம் மந்தமாக இருந்ததே இல்லை. மனுவை நான்தான் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா ஆத்தாவிடம் கேட்டது காதில் விழுந்தது: "பொதங்கெழம கந்தர்வக்கோட்டைக்குக் காலையில பஸ் எத்தன மணிக்கு?" அந்த பஸ் எல்லாக் கிழமையும் ஒரே நேரத்துக்குத்தான் போகும். அப்பாவுக்கு அது தெரியாதா? வாய்விட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் புதன்கிழமை நானும் அவரும் போனோம். ஆத்தா முதல் நாளே போய்ச் சொல்லி வைக்கிறேன் என்றாள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கருப்பட்டி, பழம், பூ, பேரனுக்கு மிட்டாய் எல்லாம் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதே கண்டக்டர். அப்பாவைப் பார்த்ததும் டிக்கெட் கிழிக்கக் கூசினார். அப்பா காசைக் கொடுத்து, "கடை அடைச்சிருக்கு தம்பி. நான் இந்தா இருக்கேன்" என்றார்.

அக்கா வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்கப்பா" என்றாள். வேறு எந்த ஊர்க்காரர் வந்தாலும் சொல்கிற அதே வாங்க. மச்சானும் "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். பேரனைக் கூப்பிட்டு, காதில் போட்டிருந்த கடுக்கனை விரலால் தொட்டுப் பார்த்தார். காது எப்போதோ ஆறியிருந்தது.

அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்:

"கடை?"

"இன்னைக்கு லீவும்மா."

"செவ்வாதான லீவு?"

"இப்பப் பொதன்."

அக்கா குழம்பை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "அப்ப, சர்க்காரு கடைய அடைக்கச் சொன்னதுனால வந்திருக்கீங்க?"

அப்பாவின் கை இலையில் நின்றது. எனக்குத் தாங்கவில்லை. வாழ்க்கையில் அத்தனை அபத்தத்தையும் தடையில்லாமல் பேசிய வாயைத் திறந்து, நடந்ததை உள்ளபடி சொன்னேன்: "இல்லக்கா. செவ்வாக்கெழம பொண்ணு வீட்டுக்கு வரக் கூடாதேன்னுதான் லீவையே பொதனுக்கு மாத்துனாரு. மனு எழுதுனது நாந்தான். ஒனக்காகத்தான்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதிலிருந்து என் கதைகளுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. "போடா. நீ எதத்தான் நெசமாச் சொல்லியிருக்க?"

"நெசந்தான்க்கா. அவரையே கேளு."

கேட்டாள். "அப்படியாப்பா?"

அப்பா ஒரே ஒரு ஆமாம் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவர் வாய்வரை வந்ததை நான் பார்த்தேன், அன்று பலகையில் கை வைத்ததைப் பார்த்த மாதிரியே. ஆனால் மகள் கண் முன்னால், அவள் போட்ட சோற்றை வைத்துக்கொண்டு, அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சுத்தான் வந்தது.

"அவன் கெடக்கான். பொதங்கெழம யாவாரம் மந்தம்மா."

அக்கா தலையை ஆட்டினாள். மறுசோறு வேணுமா என்று கேட்டாள். போதும் என்றார்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவளும் கம்மாய்க்கரை வழியாக ரோடு வரை எங்களோடு வந்தாள். வழியில் பேசியதெல்லாம் மழையைப் பற்றி, முந்திரி விலையைப் பற்றி, ஆத்தாவின் மூட்டுவலியைப் பற்றி. நான் இரண்டு மூன்று தடவை வேடிக்கை பேசிப் பார்த்தேன். எல்லாம் கம்மாய்க்குள் விழுந்தது. பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தபோது அக்கா கேட்டாள்:

"அடுத்த பொதங்கெழம வருவீங்களாப்பா?"

"பாப்போம்மா" என்றார் அப்பா படியில் கால் வைத்துக்கொண்டே. "யாவாரம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."

புதன்கிழமை எங்களுக்கு வியாபாரமே கிடையாது. சட்டம் அப்படி. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கண்டக்டர் விசில் கொடுத்தார். திரும்பிப் பார்த்தபோது அக்கா இன்னும் விலக்கிலேயே நின்றிருந்தாள். அப்பா வீடு வரும்வரை முன்னால் இருந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.